‘பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருதே’: கண் நீர் அழுத்த நோய், ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் கவுன்சலிங் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் நோயாளியை உட்காரவைத்து, என்ன வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும்படி சொல்வது எங்கள் வேலை. கீழே உள்ள நிகழ்வில் மருத்துவம் ஒழுங்காக நடந்தது. சொன்ன சொல்தான் சறுக்கியது. சொன்னவள் நான். சம்பந்தப்பட்ட அம்மாவிடமும் அவருடைய வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அந்த அம்மாவுக்கு முதலில் வந்தபோது வயது 61. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். 50 சென்ட்டில் மல்லிகை. மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே பறிக்க இறங்கிவிடுவார். கணவர் இல்லை. மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறார். கூடவே மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும்.

சர்க்கரை இல்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் ஆறு வருடமாக. 2021 ஆகஸ்டில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கோப்பில் இன்னொரு வரியும் இருந்தது: ‘தாயாருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை இல்லை.’ ஏன் என்று கேட்டதற்கு, வயதாகிவிட்டது, பூ விழுந்துவிட்டது என்றிருக்கிறார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

முதல் வருகை: 2022 செப்டம்பர்

வலது கண்ணில் ‘புகை மண்டுன மாதிரி’ இருக்கிறது, டார்ச் வெளிச்சம் சிதறுகிறது என்று வந்தார். எழுத்துப் பலகையில் வலது கண் 6/36, இடது கண் 6/9 (6/6 என்றால் சரியான பார்வை, கீழ் எண் ஏற ஏற மங்கல்). வலதில் கண்புரை. அவர் சொன்ன புகைக்கும் கண்டுபிடித்ததற்கும் பொருத்தம் சரியாக இருந்தது.

அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. கண்ணின் உள் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். இவருக்கு வலதில் 24, இடதில் 32. பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு சின்னக் குழி உண்டு. இவருக்கு இரண்டு கண்ணிலும் அது அகன்றிருந்தது, இடதில் அதிகமாக. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலை திறந்தே இருந்தது. அதாவது திறந்த கோண வகைக் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா). வலிக்காது, சிவக்காது. நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்து ஓரத்திலிருந்து தின்னும். 2003-இல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வில், தென் தமிழகத்தின் மூன்று மாவட்டக் கிராமங்களில் 40 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தபோது, இந்த வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். இந்த அம்மாவும் அந்தக் கணக்கில்தான்.

டாக்டரின் முடிவு இரண்டு. இரண்டு கண்ணுக்கும் டிமோலால் சொட்டு, காலை மாலை, ஆயுளுக்கும். அழுத்தம் இறங்கியதும் வலது கண்ணுக்குப் புரை அறுவை, லென்ஸ். டிமோலால் விலை குறைவு, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மருந்துக்கு அது சின்ன விஷயமில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதால் “ஆஸ்துமா இருக்கா?” என்று கேட்டோம். இல்லை என்றார்.

அப்புறம் என்னிடம் அனுப்பினார்கள். நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, தினமும் சொல்கிற வசனம் அது: “உங்களுக்கு ரெண்டு பிரச்சினை இருக்கும்மா. ஒண்ணு கண்புரை, அதுக்கு ஆபரேஷன். இன்னொண்ணு கண்ல பிரஷர், அதுக்கு மருந்து. பிரஷர் மருந்தை மட்டும் நிறுத்தவே கூடாது.”

மகன் உடனே சொன்னார்: “பிரஷர் மருந்தா, அம்மா ஒரு நாள் கூட விட மாட்டாங்க மேடம்.”

நான் நிம்மதியாக அடுத்த கோப்பை எடுத்தேன். அன்று முதல் பாட்டிலே இன்னும் வாங்கவில்லை. இதுவரை போடாத மருந்தை ஒரு நாள் கூட விட்டதில்லை என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பதில் அந்த இடத்திலேயே இருந்தது. நான் கேட்டுக்கொண்டேனே தவிர, கவனிக்கவில்லை.

அறுவையும் ஒரு மாத ரிவியூவும்

அக்டோபரில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது ஒரே பிளாஸ்டிக் பையில் இரண்டு பாட்டில். ஒன்று அறுவைக்குப் பிந்தைய சொட்டு. வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போய் 45 நாளில் முடியும். இன்னொன்று அழுத்தத்துக்கான சொட்டு, முடிவே கிடையாது. இரண்டுக்கும் ஒரே அட்டவணைச் சீட்டு. முதல் மருந்துக்கு ஆறு வரி, கட்டம் கட்டமாக. இரண்டாவதற்குக் கடைசியில் ஒரு வரி: ‘தொடரவும்.’

நவம்பர் ரிவியூவில் வலது கண் 6/6. அழுத்தம் 17, 19. மருந்து கேட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சொன்னதோ, “பிரஷர் நார்மலா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு.” மூன்று மாதம் கழித்து வரச் சொல்லித் தேதியும் கொடுத்தேன்.

இடையில் 14 மாதங்கள்

இந்தப் பகுதியைப் பின்னால் வீட்டாரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.

டிசம்பர் தொடக்கத்தில் 45 நாள் முடிந்தது. “சொட்டு முடிஞ்சிருச்சு” என்று இரண்டு பாட்டிலையும் தூக்கிப் போட்டார்கள். நிறுத்தவே கூடாது என்று சொன்ன பிரஷர் மருந்தை நிறுத்தவில்லை. மாதாமாதம் வீட்டுக்கு வந்த மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டார். ரத்தக் கொதிப்பும் நன்றாகவே கட்டுப்பட்டிருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி பார்த்தால், சொன்னதைச் சொன்னபடி செய்த குடும்பம்.

மூன்றாம் மாதம் வரவில்லை என்று மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை போன் போயிருக்கிறது. கோப்பில் இருந்தது மகனின் எண். இரண்டு தடவையும் வண்டியில் இருந்திருக்கிறார். “அம்மாவுக்கு நல்லா தெரியுது, ஊசியில நூலே கோக்குறாங்க” என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். நூல் கோக்க நடுப்பார்வை போதும்.

2023 வெயில் காலத்தில் ஏதோ மங்குகிறது என்று உள்ளூர் மெடிக்கலில் கேட்டிருக்கிறார்கள். ‘நரம்பு வீக்’ என்று இரண்டு மாதத்துக்கு வைட்டமின் மாத்திரை. நரம்பு என்ற சொல் தற்செயலாகச் சரி. மற்றது எதுவும் சரியில்லை.

இரண்டாம் வருகை: 2024 பிப்ரவரி

இந்த முறை கூட்டி வந்தவர் மருமகள். என்ன கவலை என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “அத்தை பறிச்சிட்டுப் போன வரிசையில இடது பக்கம், கீழ இருக்கிற மொட்டெல்லாம் அப்படியே நிக்குதுக்கா. நான் பின்னாடியே போய்ப் பறிக்கிறேன். குனிய முடியலை போலன்னு ஆறு மாசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். போன வாரம் வரப்புல இடறி விழுந்துட்டாங்க. அதுவும் இடது பக்கம்தான்.”

இதைவிடத் துல்லியமாக ஒரு பார்வைப் பரப்புப் பரிசோதனையை யாரும் செய்துவிட முடியாது. ஆனாலும் செய்தோம்.

எழுத்துப் பலகையில் வலது 6/6, இடது 6/12. அட்டையை மட்டும் பார்த்தால் பெரிய குறை இல்லை. அழுத்தம் வலது 28, இடது 40. அந்தப் பரிசோதனையில் (ஃபீல்டு டெஸ்ட்) கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியையே பார்த்தபடி, எங்கே சின்ன வெளிச்சம் தெரிந்தாலும் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்குப் பாதி நேரம் அவர் அழுத்தவே இல்லை. “லைட்டே வரலை தாயி, மெஷின் நின்னுபோச்சா பாரு” என்றார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இடது கண்ணில் நடுவே ஒரு சின்ன வட்டமும் ஓரத்தில் கொஞ்சமும் மிஞ்சியிருந்தன. வலது கண்ணில் மூக்குப் பக்கத்துக் கீழ்ப் பகுதி போயிருந்தது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும் என்பதால்தான் இந்த நோய் இத்தனை நாள் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. இவருக்கு இரண்டும் சேர்ந்து விட்ட இடம் இடது பக்கம், கீழே. மொட்டு நின்ற இடம்.

அங்கே கறுப்பாகத் தெரிகிறதா என்று கேட்டால், இல்லை என்றார். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லாத இடத்தை மூளை பக்கத்திலிருப்பதை வைத்து இட்டு நிரப்பிவிடுகிறது.

பிரஷர் மருந்து போட்டீர்களா என்று கேட்டேன். “ஒரு நாள் விடலையே” என்று வயர் கூடையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பத்தில் மூன்று பிரிக்கப்பட்டிருந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரை.

சரி, ‘பிரஷர்’ வேண்டாம், எங்கள் கையேட்டில் இருக்கிற பெயரையே சொல்வோம் என்று, “உங்களுக்கு இருக்கிறது கண் நீர் அழுத்த நோய்” என்றேன்.

“எனக்குக் கண்ணீரே வர்றதில்லையே தாயி. எங்க வீட்டுக்காரரு போனப்ப வந்ததோட சரி.”

எழுதும்போது கண், நீர் என்று இடைவெளி விட்டு எழுதுகிறோம். வாயால் சொல்லும்போது அந்த இடைவெளி எங்கே போகிறது? கண்ணும் நீரும் சேர்ந்தால் கண்ணீர்தான். நம் இலக்கணம் அப்படி. கண்ணுக்குள் ஊறிக் கண்ணுக்குள்ளேயே வடியும் நீர் வேறு, வெளியே வழியும் கண்ணீர் வேறு என்பது அச்சில் தெரியும், காதில் தெரியாது. ஒன்பது வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் உறைத்தது. இங்கிலீஷ் சொல் ரத்தக் கொதிப்புக்குப் போனது, தமிழ்ச் சொல் அழுகைக்குப் போனது.

அப்புறம் பெயரை விட்டுவிட்டு நடப்பதைச் சொன்னேன். கண்ணுக்குள் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊறுகிறது. அதே அளவு வெளியே போக வேண்டும். போகிற வழி சரியாக வேலை செய்யவில்லை.

“கண்மாய்ல மறுகால் அடைச்ச மாதிரியா?” என்றார் அவர். கண்மாய் நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறும் வழிதான் மறுகால்.

அதேதான். வரத்து நிற்கவில்லை, மறுகால் அடைத்துக்கொண்டது. நீர் எக்குகிறது. பின்பக்கக் கரையில் இருப்பது நரம்பு, கரை அரிக்கிறது. மருமகள் கேட்டார்: “அரிச்ச கரையைத் திரும்பக் கட்ட முடியுமாக்கா?” முடியாது என்று சொன்னேன். மிச்சக் கரையைக் காப்பாற்றலாம், அதற்குத் தினமும் மருந்து வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் பேசவில்லை. அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்: “அப்ப அந்தச் சொட்டு கரையைக் காப்பாத்தவா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.”

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிமோலாலை மீண்டும் தொடங்கவில்லை. காரணம், இன்னொரு சொல். இந்த முறை “ஆஸ்துமா” என்று கேட்காமல், பனிக் காலத்தில் இளைப்பு உண்டா, நெஞ்சில் வீசிங் சத்தம் வருமா, எப்போதாவது புகை வைத்திருக்கிறார்களா என்று கேட்டோம். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க வைப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு தடவை வைத்திருக்கிறார்களாம். சொட்டு போட்ட அந்த இரண்டு மாதமும் இரவில் மூச்சு வாங்கியது என்றும் அப்போதுதான் சொன்னார். சொட்டுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணில் விடும் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும் என்பதை நாங்கள் சொல்லவே இல்லை. அவர் மருந்தைத் தொடர்ந்திருந்தால் வேறொரு ஆபத்து இருந்திருக்கும் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மாற்றாக லட்டனோபிராஸ்ட், இரவு ஒரு சொட்டு, இரண்டு கண்ணுக்கும். பொதுவாக நுரையீரலைத் தொந்தரவு செய்யாது, ஒரு நாளைக்கு ஒரே வேளை. பிரிக்காத பாட்டில் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மதுரை வெயிலுக்குப் பிரித்ததையும் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் நல்லது. மருமகள் ஒரு சின்ன டிபன் பாக்ஸில் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பதாகச் சொன்னார்.

இடது கண்ணுக்குச் சொட்டு மட்டும் போதாது என்று டாக்டர் நினைத்தார். மிஞ்சியிருப்பது கொஞ்சம், அழுத்தம் அதிகம், காத்திருக்க நேரமில்லை. நீர் வடியப் புது வழி வைக்கும் அறுவையைச் சொன்னார். இந்த அறுவையால் பார்வை அதிகமாகாது என்பதை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். முதல் அறுவை முடிந்து கட்டுப் பிரித்தபோது உலகம் பளிச்சென்று தெரிந்தது. அதையே இதிலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மகன் போனில் தயங்கினார். “பார்வை கூடாதுன்னா எதுக்கு மேடம் ஆபரேஷன்?” நியாயமான கேள்வி. பதில் சொன்னது நான் இல்லை. அம்மா போனை வாங்கி, “புது மறுகால் வெட்டுறாங்கடா” என்றார்.

பின்விளைவு

2024 மார்ச்சில் இடது கண்ணுக்கு அறுவை. அதன் பிறகு அந்தக் கண்ணில் அழுத்தம் 12-க்கும் 14-க்கும் இடையில். வலது கண் சொட்டோடு 16. அடுத்து எடுத்த இரண்டு ஃபீல்டு டெஸ்டிலும் போன இடம் போனதுதான், மேற்கொண்டு போகவில்லை.

இருட்டில் பறிக்க இறங்குவதை விட்டுவிட்டார். வரப்பில் தனியாக நடப்பதில்லை. பூக் கட்டுவது மட்டும் தொடர்கிறது. அதற்குக் கண் எதற்கு, விரல் இருக்கிறதே என்கிறார்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்த அம்மாவின் தாயாருக்குக் கடைசியில் ‘பூ விழுந்தது’ என்ன பூ என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மகனையும் தம்பியையும் வரவழைத்தோம். மகனுக்கு ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். தம்பிக்கு வயது 54, ஒரு குறையும் தெரியவில்லை என்றார். அழுத்தம் 26, 27, நரம்பில் தொடக்க நிலை மாற்றம். அவருக்கு நான் விளக்க உட்கார்ந்தபோது, அக்கா ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

சொற்களைத் திரும்பப் பார்த்தபோது

இதற்கப்புறம் எங்கள் பிரிவில் நாலைந்து பேர் உட்கார்ந்து, நாங்கள் தினமும் சொல்லும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நினைத்ததைவிட நிலைமை மோசம்.

‘பூ’ என்றால் எங்களுக்குக் கருவிழியில் புண் ஆறி விழுந்த வெள்ளைத் தழும்பு. வயதானவர்களுக்குக் கண்ணில் வெள்ளையாக எது தெரிந்தாலும் பூ, உள்ளே இருக்கும் புரை உட்பட. ‘சதை’ என்றால் எங்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் படர்வது. வருகிறவர்களில் பாதிப் பேர் புரையைத்தான் சதை என்கிறார்கள். ‘கருவிழி’ என்று நாங்கள் சொல்வது முன்னாலிருக்கும் கண்ணாடி போன்ற பகுதியை. கேட்பவருக்கோ கறுப்பு வட்டம் முழுவதும். ‘கிட்டப்பார்வை’ என்று சீட்டில் எழுதினால், பையனுக்குக் கிட்டத்தில் தெரியாது என்று புரிந்துகொண்டு புத்தகத்தைத் தள்ளி வைத்துப் படிக்கச் சொன்ன தாய் உண்டு. கிட்டத்தில் தெரியும், தூரத்தில்தான் தெரியாது. பெயர் இருப்பதைச் சொல்கிறது, இல்லாததைச் சொல்லவில்லை.

‘புரை முத்தட்டும்’ என்பது தனிக் கதை. முன்னொரு காலத்தில் டாக்டர்களே சொன்னது அது. இப்போது லென்ஸ் வைக்கும் அறுவைக்கு முற்ற வேண்டியதே இல்லை. முற்றிப் பருத்துப்போனால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடவும் கூடும்.

‘வெள்ளெழுத்து’ மட்டும் தப்பித்தது. நாற்பது வயதில் எழுத்து வெளுத்துத் தெரிவதை அப்படியே சொல்லும் பெயர். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

மாற்றியவையும் மாறாதவையும்

‘பிரஷர்’ என்று தனியாகச் சொல்வதை நிறுத்தியிருக்கிறோம். சொல்லியே தீர வேண்டுமானால் ‘இது பி.பி. இல்லை, பி.பி. மாத்திரைக்கு இது கேட்காது’ என்பதும் கூடவே வரும். கிராமத்திலிருந்து வருபவர்களிடம் கண்மாய். டவுன்காரர்களிடம் மொட்டைமாடித் தொட்டி, அடைத்த குழாய். அறுவைச் சொட்டுக்கும் ஆயுள் சொட்டுக்கும் தனித்தனிப் பை, தனித்தனிச் சீட்டு. ஆயுள் சொட்டின் சீட்டில் ‘தொடரவும்’ இல்லை. ‘பாட்டில் தீர்ந்தால் புதிது வாங்கவும், முடிவு தேதி கிடையாது’ என்று இருக்கிறது. அழுத்தம் நன்றாக இருந்தால் ‘மருந்து போடுவதால் நன்றாக இருக்கிறது’ என்று சொல்கிறோம். விளக்கி முடித்ததும், வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அவர்கள் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்கிறோம். இதற்கு ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. வெளியே வரிசை நீள்கிறது, திட்டும் வாங்குகிறோம்.

நோயின் பெயர் மாறவில்லை. கோப்பிலும் சுவரொட்டியிலும் இன்னும் கண் நீர் அழுத்த நோய்தான். அதைவிட நல்ல பெயர் எங்களிடம் இல்லை.

அந்த அம்மாவின் கோப்பில் இப்போது மருமகளின் எண் இருக்கிறது. அடுத்த ஃபீல்டு டெஸ்டுக்கு முந்தின நாள் அவரே கூப்பிட்டு, காலையில் பூவைப் போட்டுவிட்டு நேரே வருவதாகச் சொல்கிறார்.